குழப்படிக்கு ஒரு குளிசை

எங்கள் ஊர்ப் பக்கங்களில் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல இரண்டு சொற்கள் போதுமாயிருந்தன. ஒன்று கெட்டிக்காரன். மற்றது குழப்படிகாரன். கதிரையில் இருக்கமாட்டாதவன், கேள்வி முடியமுன்னர் பதில் சொல்பவன், கொப்பியைத் தொலைப்பவன், மதில் ஏறிக் குதிப்பவன் எல்லாரும் இரண்டாவது சொல்லுக்குள் அடக்கம். அதற்கான வைத்தியமும் ஆயத்தமாகவே இருந்தது. வாத்தியாரிடம் பிரம்பு. அம்மம்மாவிடம் நாவூறு கழிக்கச் செத்தல் மிளகாயும் உப்பும். கோயிலில் நூலும் திருநீறும். பிரம்புக்குப் பிறகு பெடியன் அடங்கினால் அது பிரம்பின் வெற்றி. அடங்காவிட்டால் அடி போதாது. எப்படிப் பார்த்தாலும் பிரம்பே வென்றது. அது உண்மையில் வேலை செய்கிறதா என்று எவரும் கணக்கெடுத்துப் பார்த்ததில்லை.

லண்டனில் பிறந்த எங்கள் பிள்ளைகள் சிலருக்கு அந்தப் பழைய சொல்லின் இடத்தில் ஏ.டி.எச்.டி என்ற நான்கு எழுத்துக்கள் வந்துள்ளன. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாமை, ஓயாத ஓட்டம், யோசிக்குமுன் செய்துவிடுதல் ஆகியவை வயதுக்கு மீறிய அளவில், வீடு பள்ளிக்கூடம் இரண்டிலும், நீண்ட காலம் நிலைத்து நின்று பிள்ளையின் வாழ்வைக் குலைக்கும்போது வைத்தியர்கள் இந்தப் பெயரை வைக்கிறார்கள். குழப்படிகாரர் எல்லாருக்கும் இது இல்லை. ஆனால் எங்கள் வகுப்புகளில் முட்டுக்காலில் நின்றவர்களில் சிலருக்கு இது இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது.

நாங்கள் வேலை செய்யும் குசினியில் கொத்துரொட்டி போடுகிற அண்ணை ஒருவர் இருக்கிறார். இரவு பதினொன்றரைக்குத் தட்டைச் சுரண்டிக் கழுவிவிட்டு, ஜக்கெற் பொக்கற்றிலிருந்து ஒரு துண்டுப் பிரசுரத்தை எடுத்து விரித்தார். அவருடைய மகனுக்கு எட்டு வயது. கிளினிக்கில் கொடுத்துவிட்டார்களாம். மெதில்பெனிடேற் என்ற குளிசை பற்றியது.

"தம்பியவை, நீங்கள் கம்பஸ் கண்ட ஆக்கள். இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. இது சோதிச்சு முடிஞ்ச மருந்தோ, இல்லாட்டி எங்கடை பிள்ளையிலைதான் சோதிக்கப் போகினமோ?"

நாங்கள் கம்பஸைக் கண்டவர்கள்தான். பட்டத்தைக் காணவில்லை. இரண்டாம் வருடத்துப் புள்ளிவிபரவியலோடு எங்கள் படிப்பு நின்றுபோனது. என்றாலும் அண்ணையின் கேள்வி எங்களை விடவில்லை. லீவு நாட்களில் நூலகத்திலும், வேலை முடிந்து திரும்பும் இரவு பஸ்ஸிலும் வாசித்தோம். அவருடைய கேள்வியில் இரண்டு பாதிகள் இருந்தன. இரண்டுக்குமே பதில் 'ஓம்' என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது.

*

முதற் பாதி பழைய கதை. அது தொடங்குவதும் லண்டனில்தான். 1902ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஜோர்ஜ் ஸ்ரில் என்ற குழந்தை வைத்தியர் றோயல் வைத்தியர் கல்லூரியில் மூன்று விரிவுரைகள் நிகழ்த்தினார். அப்போது அந்தக் கல்லூரி ட்ரபல்கர் சதுக்கத்தில் இருந்தது. இன்று அந்தக் கட்டடம் கனடா ஹவுஸின் பகுதி. எங்களில் எத்தனையோ பேர் அதைக் கடந்து நடந்திருக்கிறோம். அறிவில் குறைவில்லாத, ஆனால் தம்மைத் தாமே கட்டுப்படுத்த முடியாத பிள்ளைகளைப் பற்றி அவர் பேசினார். வளர்ப்புப் பிழை என்று மட்டும் இதைத் தள்ளிவிட முடியாது, உடலிலும் காரணம் இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். அவரிடம் மருந்து எதுவும் இருக்கவில்லை.

மருந்து தற்செயலாக வந்தது. அமெரிக்காவின் றோட் ஐலண்டில், மூளை நோயால் பாதிக்கப்பட்ட மகளின் நினைவாக ஒரு குடும்பம் அமைத்த சிறுவர் மருத்துவ இல்லம் 1931இல் திறக்கப்பட்டது. அங்கே சார்ள்ஸ் பிராட்லி என்ற வைத்தியர் பிள்ளைகளின் மூளையைப் படமெடுக்கச் செய்த பரிசோதனை கடுமையான தலையிடியைக் கொடுத்தது. அதைத் தணிக்குமென நம்பி பென்செட்றீன் என்ற ஊக்க மருந்தைக் கொடுத்தார். தலையிடிக்கு அது பெரிதாக உதவவில்லை. ஆனால் பிள்ளைகள் வகுப்பில் மாறிப்போனார்கள். 1937இல் அவர் 5 முதல் 14 வயது வரையான 30 பிள்ளைகளுக்கு ஒரு கிழமை அதைக் கொடுத்துப் பார்த்தார். 14 பேர் படிப்பில் வியக்கத்தக்க மாற்றம் காட்டினார்கள். பிள்ளைகள் தாங்களே அதற்கு 'கணக்குக் குளிசை' என்று பெயர் வைத்தார்களாம்.

ஏழு வருடம் கழித்து, 1944இல், சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் சீபா கொம்பனியின் இரசாயனவியலாளர் லியான்ட்ரோ பனிசோன் மெதில்பெனிடேற்றை உருவாக்கினார். மனைவி றீற்றாவின் பெயரால் அது றிற்றலின் ஆகி 1954இல் சந்தைக்கு வந்தது. ஒருபுறம் மருந்தும் மறுபுறம் வெறும் குளிசையும் கொடுத்து, எது எவருக்கு என்று தெரியாமல் வைத்துப் பார்க்கும் முறையில், அமெரிக்காவில் கீத் கொனர்ஸும் லியோன் ஐசன்பேர்க்கும் 1963இல் இதைச் சோதித்தார்கள். அந்தப் பிள்ளைகள் விடுதிகளில் வாழ்ந்தவர்கள். ஆரம்பகாலச் சோதனைகளில் திரும்பத் திரும்ப வருபவர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளே: தாய் தகப்பன் பக்கத்தில் இல்லாதவர்கள், வேண்டாம் என்று சொல்ல வழியில்லாதவர்கள். ஆகவே அண்ணையின் பயத்தை அறியாமை என்று சிரித்துத் தள்ளிவிட எங்களால் முடியவில்லை. ஆனால் மறுபக்கமும் உண்டு. பிள்ளைகளில் சோதிக்காத மருந்தைப் பிள்ளைக்குக் கொடுத்தால், அந்தப் பிள்ளை ஒரு சோதனைக்கு ஆளாகிறது. கணக்கெழுத ஒருவரும் இல்லாத சோதனைக்கு. எங்கள் ஊர்ப் பிரம்பு அப்படிப்பட்டதுதான்.

அந்தக் கண்ணைக் கட்டிய சோதனையை அண்ணைக்கு நாங்கள் குசினியை வைத்தே விளக்கினோம். இரண்டு சட்டியில் மீன்குழம்பு இருக்கிறது. ஒன்று பெரிய குக் வைத்தது, மற்றது நேற்று வந்த பெடியன் வைத்தது. எது எவருடையது என்று சொல்லிவிட்டு ருசி கேட்டால் நாக்கு பொய் சொல்லும். கேட்பவருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் அவருடைய முகம் காட்டிக்கொடுத்துவிடும். அண்ணை சிரித்தார். "முதலாளி வந்து ருசி பாக்கேக்கை இப்பிடித்தான் செய்யோணும்."

*

லண்டனிலும் இது நடந்திருக்கிறது. தென் லண்டனின் மோட்ஸ்லி மருத்துவமனையையொட்டிய மனநோயியல் நிறுவனத்தின் எரிக் ரெயிலரும் சக ஆய்வாளர்களும் 1987இல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். குழப்பம் விளைவிக்கிறார்கள் என்று அனுப்பப்பட்ட, 6 முதல் 10 வயது வரையான பையன்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று கிழமை மருந்து, மூன்று கிழமை வெறும் குளிசை. அவர்கள் கேட்ட கேள்வி எங்களுக்குப் பிடித்தது. மருந்து வேலை செய்யுமா என்பதோடு நில்லாமல், எந்தப் பையனுக்கு வேலை செய்யும் என்று கேட்டார்கள். கவனச் சிதறலும் ஓயாத அசைவும் கூடியவர்களுக்குப் பலன் கூட. மனக்கவலையும் பயமும் வெளிப்படையாக உள்ளவர்களுக்குக் குறைவு.

எம்.ரி.ஏ என்று அழைக்கப்படும் பெரிய சோதனை வட அமெரிக்காவில் நடந்து 1999இல் முடிவுகள் வந்தன. 7 முதல் 9 வயது வரையான 579 பிள்ளைகள், 14 மாதங்கள், நான்கு குழுக்கள். நன்கு கவனித்துக் கொடுத்த மருந்து, நடத்தைப் பயிற்சி, இரண்டும் சேர்ந்தது, வழமையாக ஊர் வைத்தியரிடம் கிடைப்பது. கவனமும் துடிப்பும் சம்பந்தமான குறிகளில் மருந்துக் குழுக்கள் இரண்டும் முன்னுக்கு நின்றன. ஆனால் எங்களை நிறுத்தியது வேறொன்று. ஊர் வைத்தியரிடம் போன குழுவிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து எடுத்தவர்கள்தான். அப்படியிருந்தும் அவர்கள் பின்தங்கினார்கள். ஆய்வுக் குழுவில் பிள்ளையை மாதாமாதம் பார்த்தார்கள், வாத்தியாரிடம் கேட்டார்கள், அளவைக் கூட்டிக் குறைத்தார்கள். அந்த அளவைக் கண்டுபிடிக்க 28 நாட்கள் எடுத்தார்கள். அந்த நாட்களில் ஒரு நாள் வெறும் குளிசை, ஒரு நாள் 5 மில்லிகிராம், ஒரு நாள் 10 என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, எது எந்த நாள் என்று தெரியாமலே பெற்றோரும் ஆசிரியரும் ஒவ்வொரு நாளும் குறித்துக்கொடுத்தார்கள். சில பிள்ளைகளுக்கு வெறும் குளிசையே போதுமாக இருந்தது தெரியவந்தது.

சோதனை காட்டிய குறைகளையும் அண்ணைக்கு மறைக்காமல் சொன்னோம். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது அந்த நான்கு குழுக்களுக்குமிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டிருந்தது. புதிதாக மருந்து தொடங்கித் தொடர்ந்து எடுத்த பிள்ளைகள், மருந்து எடுக்காத பிள்ளைகளைவிட 2 சென்ரிமீற்றர் அளவில் உயரம் குறைந்திருந்தார்கள். உலகத்தில் நடந்த சோதனைகளில் மிகப் பெரும்பாலானவை சில கிழமைகளோடு முடிந்தவை. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்கும்படி கேட்டபோது, 2019இலும் 2021இலும் அந்த அமைப்பு மறுத்தது. பிரித்தானியாவின் வழிகாட்டலோ 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மருந்து தேவைப்படும்போது முதலில் இதையே சொல்கிறது. ஆனால் அதற்கு முன்னர் வீட்டிலும் வகுப்பிலும் செய்யக்கூடிய மாற்றங்களைச் செய்து பார்க்க வேண்டும் என்கிறது. ஒரே சான்றுகளை வாசித்த இரண்டு பக்கம். சோதித்து முடிந்த மருந்தா என்றால், ஓம், நன்றாகவே சோதித்த மருந்து. முடிந்ததா என்றால், முடியவில்லை.

நெதர்லாந்தில் நடந்த இன்னொரு சோதனை 2019இல் வெளிவந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் மருந்து எடுத்த 94 பிள்ளைகள். பாதிப் பேருக்கு மருந்தைப் படிப்படியாக வெறும் குளிசையாக மாற்றினார்கள். ஏழு கிழமையில், மாற்றப்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேரளவில் மோசமானார்கள். தொடர்ந்து எடுத்தவர்களில் மோசமானவர்கள் நூற்றுக்கு 16 பேரளவில். மருந்து இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு இது சான்று. நிறுத்தினாலும் மோசமாகாத பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதற்கும் இதுவே சான்று. வருடத்துக்கு ஒருதரமாவது 'இன்னும் தேவையா?' என்று கேட்கவேண்டும் என்ற விதி இங்கே இருப்பது சும்மா அல்ல.

*

இனி இரண்டாவது பாதி. எங்கள் பிள்ளையில் சோதிக்கப் போகிறார்களா?

ஓம். ஆனால் அண்ணை பயந்த விதத்தில் அல்ல. இந்த மருந்துக்கு எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான அளவு கிடையாது. 5 மில்லிகிராமில் தொடங்கி, கிழமைக்குக் கிழமை பார்த்துக் கூட்டுகிறார்கள். உயரம், நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் எல்லாம் அளக்கிறார்கள். இவற்றைக் கருவி அளக்கும். கவனம் கூடியதா, சிடுசிடுப்பு வந்ததா, சாப்பிட்டானா, நித்திரை கொண்டானா என்பதை அளக்கக் கருவி இல்லை. அதைக் கண்டவர்கள்தான் சொல்லவேண்டும். அதற்காக இரண்டு படிவங்கள். ஒன்று ஆசிரியருக்கு, மற்றது பெற்றோருக்கு.

ஆசிரியரின் கண்ணைப் பற்றி லண்டனிலேயே ஒரு ஆய்வு இருக்கிறது. 1993இல் சொனூகா-பார்க், எரிக் ரெயிலர் முதலியோர் வெளியிட்டது. ஆங்கிலப் பையன்களையும் ஆசியப் பையன்களையும் பற்றி ஆசிரியர்கள் கொடுத்த புள்ளிகளை, கருவிகளால் அளந்த உண்மையான அசைவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அதே அளவு துடிப்பு என்று புள்ளி பெற்ற ஆசியப் பையன் உண்மையில் ஆங்கிலப் பையனைவிடக் குறைவாகவே அசைந்தான். எங்கள் பிள்ளை அமைதியாக இருக்கவேண்டியவன் என்ற எண்ணம் ஆசிரியரின் கண்ணுக்குள் முன்னரே இருந்ததோ என்னவோ, கொஞ்சம் அசைந்தாலே கூடத் தெரிந்தது. அந்த ஆய்வுக்கு முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. வகுப்பறைகளும் ஆசிரியர்களும் மாறியிருப்பார்கள். ஆனால் ஒரு படிவத்தை மட்டும் வைத்துப் பிள்ளையை முடிவுகட்டக் கூடாது என்பதற்கு அது இன்றும் போதுமான காரணம்.

மருந்து பிடித்துக்கொண்டது, ஆகவே வருத்தம் இருப்பது உறுதி என்று எங்கள் ஆட்கள் கதைப்பதைக் கேட்டிருக்கிறோம். அதுவும் சரியல்ல. 1978இல் ஜுடித் றாப்பபோர்ட் என்ற அமெரிக்க வைத்தியரும் சகாக்களும் எந்தக் குறையும் இல்லாத 14 பையன்களுக்கு ஊக்க மருந்து ஒருதரம் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அசைவு குறைந்தது, கவனம் கூடியது. மூன்று பிளேன்ரீ குடித்தால் எங்களுக்கும் இரவு வேலையில் கை ஓடுகிறது. அதனால் எங்களுக்கு வருத்தம் இருக்கிறது என்று ஆகாது.

பெற்றோரின் படிவத்துக்கு வந்தால் எங்கள் நிலைமை வெளிக்கிறது. 'அடிக்கடி' இருக்கையை விட்டு எழும்புகிறானா? எத்தனை தரம் என்றால் அடிக்கடி? யாரோடு ஒப்பிட்டு? அண்ணைக்குத் தெரிந்த பிள்ளைகள் வளவு முழுக்க ஓடித் திரிந்த பிள்ளைகள். அவருடைய மகன் வளர்வது நாலு பேர் இருக்கும் ஓர் அறையில். ஓடினால் கீழ் வீட்டுக்காரர் தடியால் முகட்டில் தட்டுகிறார். அந்த அறைக்குள் எந்தப் பெடியனும் அடிக்கடிதான் எழும்புவான். தகப்பன் பகல் பதினொன்றுக்குப் போய் நள்ளிரவு தாண்டி வருகிறார். தாய் விடியக் காலமை கிளீனிங் வேலைக்குப் போகிறா. படிவம் ஆங்கிலத்தில். வீட்டில் ஆங்கிலம் நன்றாக வாசிப்பவன் ஒருவன்தான். அவனைப் பற்றியதுதான் படிவம். 'சொன்னதைக் கேட்கிறானா?' என்ற கேள்வியை எட்டு வயதுப் பெடியன் தமிழில் தாய்க்குச் சொல்லி, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தாய் பதில் சொல்வதை நினைத்துப் பாருங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. அதற்குக் காசு இல்லை. அந்த வேலையைப் பிள்ளையின் தலையில் வைக்கக்கூடாது. இதை அண்ணையிடமும் அக்காவிடமும் திரும்பத் திரும்பச் சொன்னோம். அடுத்தமுறை கிளினிக்கில் கேட்டார்கள், ஆள் வந்தது.

*

குளிசை தொடங்கினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து நல்ல செய்தி வந்தது. கணக்கு முடிக்கிறான், சண்டை குறைவு. ஆனால் மத்தியானச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. பசி குறைவது இந்த மருந்தில் அதிகம் காணப்படும் பக்கவிளைவு. ஒரு நாளைக்கு நூறு பேருக்குக் கொத்துப் போடுகிற மனிதனுக்கு, சொந்தப் பிள்ளை சாப்பிடவில்லை என்பது எப்படிப்பட்ட செய்தி என்று சொல்லத் தேவையில்லை. குளிசைக்கு முன்னர் காலைச் சாப்பாட்டை நிறையக் கொடுங்கள், மருந்து இறங்கிய பிறகு இரவில் இன்னொருதரம் கொடுங்கள் என்று கிளினிக்கில் சொன்னார்கள்.

வேறொன்றும் நடந்தது. அண்ணை பன்னிரண்டரைக்கு வீட்டுக்குப் போகும்போது மகன் முழித்திருந்தான். தகப்பன் கொண்டுபோன கொத்தை இருவருமாக இருந்து சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னான். கிழமைக் கணக்கில் மகனின் நித்திரை முகத்தை மட்டும் பார்த்து வந்த மனிதன், அடுத்த நாள் குசினியில் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்தார். மூன்றாம் நாளும் அதையே சொன்னபோது எங்களுக்கு வயிற்றைப் பிசைந்தது. நித்திரை குறைவதும் பக்கவிளைவுதான். அந்தத் துண்டுப் பிரசுரத்தில் அது இருந்தது. அதைச் சொல்லவேண்டியவர்களாக நாங்கள் இருந்தோம். சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல் வெங்காயம் வெட்டினார்.

பிறகு அவர் கேட்டார்: "முந்தியும் முழிச்சிருந்தவனோ, இல்லாட்டி இப்பதானோ? எனக்கெண்டால் தெரியாது. தாய்க்கும் தெரியாது, அவ ஒன்பதுக்கே படுத்திடுவா." இதுதான் இந்தச் சோதனையின் பெரிய ஓட்டை. தொடங்க முதல் எப்படி இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், பிறகு வந்ததை மருந்தின் தலையில் போடுவதா, பிள்ளையின் தலையில் போடுவதா என்று எந்த வைத்தியராலும் சொல்ல முடியாது. ஆகவே இதை வாசிப்பவர்களில் யாருடைய வீட்டிலாவது இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தால், குளிசை தொடங்குவதற்கு இரண்டு கிழமை முன்னரே ஒரு கொப்பியைத் திறவுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தான், என்ன சாப்பிட்டான், எதற்கு அழுதான். தமிழில் எழுதினால் போதும்.

அண்ணை உணவகத்தின் பழைய ஓர்டர் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டார். மேசை இலக்கம் எழுதும் இடத்தில் திகதி. கீழே நேரம். 12.40 முழிப்பு. 12.35 முழிப்பு, பாதி ரொட்டி சாப்பிட்டான். 12.50 முழிப்பு. இரண்டு கிழமைத் துண்டுகளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். பின்னேரம் நாலு மணிக்குக் கொடுத்துவந்த மூன்றாவது குளிசையை அவர்கள் நிறுத்தினார்கள். காலையும் மத்தியானமும் தொடர்ந்தன.

அதற்குப் பிறகு மகன் பத்து மணிக்கு நித்திரை. நிறையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. போன கிழமை அண்ணை முதலாளியிடம் திங்கட்கிழமை லீவு கேட்டார். இன்னும் பதில் இல்லை. நள்ளிரவில் கொத்துப் பார்சலை வழமைபோல் கட்டுகிறார்; இப்போது ஒருவருக்கான அளவில். ஓர்டர் புத்தகத்தில் இன்னும் எழுதிவருகிறார்.

"12.40 நித்திரை" என்று இருக்கிறது, நாங்கள் கடைசியாகப் பார்த்த துண்டில்.